துணிப்பையா, பயணமா, ஏசி கேஸா: எதில் கை வைத்தால் பலன் அதிகம்?

சுற்றுச்சூழலைக் காக்கத் தனி ஆள் என்ன செய்யலாம் என்று யாரைக் கேட்டாலும் நீளமான பட்டியல் ஒன்று கிடைக்கும். துணிப்பை எடுத்துப் போங்கள், விளக்கை அணையுங்கள், சார்ஜரைக் கழற்றி வையுங்கள், மரம் நடுங்கள், பல் தேய்க்கும்போது குழாயை மூடுங்கள், குப்பையைப் பிரித்துப் போடுங்கள். எல்லாமே நல்ல காரியங்கள்தான். ஆனால் பட்டியலில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு வேலைகளில் ஒன்றின் பலன் இன்னொன்றைவிட நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு பெரிதாக இருக்கும். பட்டியலைப் பார்த்தால் அது தெரியவே தெரியாது. நமக்கோ நேரமும் பொறுமையும் அளவாகத்தான் இருக்கின்றன. சின்ன வேலைகளில் அவற்றைக் கரைத்துவிட்டால், பெரிய வேலைக்கு வரும்போது ஓய்ந்துபோகிறோம். அதனால் ஒவ்வொன்றையும் இன்னொன்றோடு நிறுத்துப் பார்க்கப் போகிறேன். எண்கள் நிறைய வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிறுப்பதற்கு முன்னால் ஒரு விஷயம். சுற்றுச்சூழல் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இருப்பவை பல பிரச்சினைகள். பூமி சூடாவது ஒன்று. பிளாஸ்டிக் சாக்கடையை அடைப்பதும், கடலுக்குப் போய் ஆமையின் வயிற்றில் சேர்வதும் வேறொன்று. நல்ல தண்ணீர் குறைவது மூன்றாவது. ஒரே செயல் இதில் ஒன்றுக்கு நல்லதாகவும் இன்னொன்றுக்கு மோசமாகவும் இருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்காமல் விவாதித்தால் துணிப்பையா பிளாஸ்டிக் பையா என்ற சண்டை எந்தக் காலத்திலும் முடியாது.

சரி, பையிலிருந்தே தொடங்கலாம். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. மெல்லிய பிளாஸ்டிக் பையை ஒரே தடவை பயன்படுத்தி எறிந்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும்கூட, பூமி சூடாவதை மட்டும் கணக்கில் எடுத்தால், காகிதப் பையை 3 தடவையும் பருத்திப் பையை 131 தடவையும் பயன்படுத்திய பிறகுதான் இரண்டும் அதற்கு ஈடாகின்றன. டென்மார்க் அரசு 2018-ல் வேறு முறையில் போட்ட கணக்கில் பருத்திப் பைக்கு 52 தடவை என்று வந்தது, ஆனால் தண்ணீர், மண், ஓசோன் என்று எல்லா வகைப் பாதிப்புகளையும் சேர்த்துப் பார்த்தபோது அதுவே 7,100 தடவை ஆனது. பருத்தி விளைய நிலம், தண்ணீர், உரம் எல்லாம் வேண்டும். நூற்று நெய்வதற்கு மின்சாரம் வேண்டும். பிளாஸ்டிக் பையோ சில கிராம் எடைதான்.

இதைப் படித்துவிட்டு பிளாஸ்டிக் பையே மேல் என்று கிளம்பிவிடக் கூடாது. அந்த இரண்டு கணக்குகளிலும் தெருவில் பறந்து கால்வாயை அடைக்கும் பை வரவில்லை, அதைத் தின்னும் விலங்கு வரவில்லை, நுண்துகளாக உடைந்து மண்ணில் கலப்பதும் வரவில்லை. துணிப்பை அந்தப் பிரச்சினைக்கான மருந்து. அதற்காகத்தான் அதைத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று தெரிந்து செய்தால் போதும். என் கருத்தில் சிறந்த பை, ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பைதான், அது எதனால் ஆனதாக இருந்தாலும் சரி, கிழியும் வரைக்கும் அதையே எடுத்துப் போகலாம். எந்த விழாவுக்குப் போனாலும் இலவசமாகத் தருகிறார்களே என்று துணிப்பைகளை வாங்கி வாங்கி அலமாரியில் அடுக்குவது நோக்கத்துக்கே எதிரானது. ஒரு மெல்லிய பை தயாராவதால் வெளியாகும் கார்பன், அதாவது பூமியைச் சூடாக்கும் கார்பன் டை ஆக்சைடு வாயு, சுமார் 20 கிராம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வெளியாவது 2.3 கிலோ. அதாவது நூறு பைகளுக்கு மேல். துணிப்பையை மறந்துவிட்டோமே என்று அதை எடுத்துவர வண்டியில் திரும்ப வீட்டுக்குப் போவது எந்தக் கணக்கிலும் சேராது.

பிளாஸ்டிக் பற்றி இன்னும் ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். மறுசுழற்சிக்குப் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்ற நிம்மதி நம்மில் பலருக்கு இருக்கிறது. 2017-ல் வெளியான ஓர் ஆய்வின்படி 2015 வரைக்கும் உலகம் தயாரித்த பிளாஸ்டிக் 830 கோடி டன். அதில் குப்பையாகிப் போனது 630 கோடி டன், அந்தக் குப்பையில் மறுசுழற்சி ஆனது 9 சதவீதம், எரிக்கப்பட்டது 12 சதவீதம். மீதி அத்தனையும் குப்பைமேட்டிலோ வெளியிலோ கிடக்கிறது. பிளாஸ்டிக்கில் பல வகை, ஒன்றோடொன்று கலந்தால் தரம் போய்விடும். ஒவ்வொரு தடவை உருக்கும்போதும் அதன் வலிமை குறைந்துகொண்டே வரும். ஆகவே பிரித்துப் போடுவது நல்லதுதான், விடாமல் செய்யுங்கள், ஆனால் வாங்காமல் விட்ட ஒரு பாட்டிலுக்கு அது ஈடாகாது. கண்ணாடி பாட்டிலும் தானாகவே நல்லதாகிவிடாது. கண்ணாடியை உருக்க 1,500 டிகிரி அளவுக்குச் சூடு தேவை, எடையும் அதிகம் என்பதால் ஏற்றிச் செல்லவும் எரிபொருள் அதிகம். கழுவித் திரும்பத் திரும்ப நிரப்பினால் மட்டுமே கண்ணாடிக்கு மதிப்பு.

அடுத்தது மின்சாரம். இங்கேதான் நம் கவனம் ரொம்பவும் தவறான இடத்தில் இருக்கிறது. சார்ஜரைச் சுவரில் மாட்டியபடியே விட்டுவிட்டால் மின்சாரம் வீணாகிறது என்று எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு? இப்போது வரும் போன் சார்ஜர் சும்மா மாட்டியிருக்கும்போது இழுப்பது சுமார் 0.1 வாட். வருஷம் முழுக்கக் கழற்றாமலே விட்டாலும் 1 யூனிட்கூட ஆகாது. 20 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடாக்க 0.7 யூனிட் தேவை. அதாவது ஒரு வாளி வெந்நீரில் செலவாவது, ஒரு சார்ஜர் ஒன்பது மாதத்துக்கும் மேலாகச் சுவரில் தொங்கினால் ஆகும் செலவு. தண்ணீரைச் சூடாக்குவதும் அறையைக் குளிரவைப்பதும் சூடாக்குவதும்தான் மின்சாரத்தை உறிஞ்சும் வேலைகள். வெளிச்சமும் சின்னச் சின்ன மின்னணுச் சாதனங்களும் அவற்றுக்குப் பக்கத்தில்கூட வராது. ஏசி 1 யூனிட் செலவு செய்யும் நேரம், அதன் அளவையும் அறையையும் பொறுத்து, ஒரு மணி நேரம் அல்லது கொஞ்சம் கூடக்குறைய. அதே 1 யூனிட்டில் 9 வாட் எல்இடி விளக்கு 110 மணி நேரம் எரியும்.

அதற்காக விளக்கை அணைக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, அணைத்துவிடுங்கள், அதற்கு ஒரு நொடிகூட ஆகாது. ஆனால் வீட்டில் இன்னும் பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்று இருந்தால் அதை மாற்றுவதுதான் முதல் வேலை. அதே வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தரும், ஒரு நாளைக்கு 5 மணி நேரம் எரிகிறது என்றால் வருஷத்துக்கு 90 யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஒரே நாளில் முடிகிற வேலை, அப்புறம் நினைவில் வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

வெந்நீர் விஷயத்திலும் இப்படி எளிமையான வழிகள் உண்டு: குளியல் நேரத்தைச் சுருக்குவது, ஷவரின் தலையைத் தண்ணீர் குறைவாக வருவதாக மாற்றுவது, துணி துவைக்கும் இயந்திரத்தைக் குளிர்ந்த நீரில் ஓட்டுவது. சூடான நீரில் துவைக்கும்போது இயந்திரத்தின் மின்செலவில் பெரும்பகுதி நீரைச் சூடாக்கத்தான் போகிறது, டிரம் சுற்றுவதற்கு ஆவது கொஞ்சம்தான். துணியை உலர்த்தும் இயந்திரத்துக்குப் பதிலாகக் கொடியில் போடுவதும் அதே அளவுக்குப் பலன் தரும், துணியும் கூடுதல் நாள் உழைக்கும். சொட்டும் குழாயைச் சரி செய்வது நல்ல பழக்கம், நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 4 லிட்டர் போகும், தண்ணீர் கஷ்டம் இருக்கும் இடத்தில் அது பெரிய விஷயம். ஆனால் ஷவரில் அதே 4 லிட்டர் அரை நிமிஷத்தில் போய்விடும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்போது பயணம். இதில் பேச நிறைய இருக்கிறது, ஏனென்றால் சொந்த வண்டி வைத்திருக்கும் பெரும்பாலானோருக்கு மிகப் பெரிய எண் இதில்தான் இருக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான். அது எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு எப்படி வரும் என்று கேட்பவர்கள் உண்டு. பெட்ரோலில் இருக்கும் ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது, எடை அதனால்தான் கூடுகிறது. டீசல் என்றால் 2.7 கிலோ வரும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் தினமும் 10 கிலோமீட்டர், வருஷத்துக்கு 300 நாள் போய்வந்தால் 200 லிட்டர், அதாவது சுமார் 460 கிலோ. மரம் நட்டு ஈடு கட்டிவிடலாம் என்று நினைத்தால், நன்றாக வளர்ந்த ஒரு மரம் ஆண்டுக்கு 20 கிலோ போல இழுத்துக்கொள்ளும் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மரத்தின் வகையையும் மண்ணையும் பொறுத்து இது நிறைய மாறும். 9 லிட்டர் பெட்ரோலில் ஒரு மரத்தின் ஒரு வருஷ உழைப்பு முடிந்துபோகிறது. நேற்று நட்ட கன்று அந்த அளவுக்கு வளர இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும், அதுவரை யாராவது தண்ணீர் ஊற்றி ஆடு மாடு கடிக்காமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். நிழலுக்கும் பறவைக்கும் மண்ணுக்கும் மழைநீருக்கும் மரம் நடுங்கள், தாராளமாக நடுங்கள். புகைக்கு ஈடாக மட்டும் அதைக் கணக்கில் எழுதாதீர்கள்.

செத் வைன்ஸ், கிம்பர்லி நிக்கோலஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2017-ல் வளர்ந்த நாடுகளை வைத்து இந்த மாதிரிச் செயல்களை வரிசைப்படுத்தினார்கள். கார் இல்லாமல் வாழ்ந்தால் ஆண்டுக்கு 2.4 டன் கார்பன் மிச்சம். அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போய்வரும் ஒரே ஒரு விமானப் பயணத்தைத் தவிர்த்தால் 1.6 டன். முழுக்கத் தாவர உணவுக்கு மாறினால் 0.8 டன். குளிர்ந்த நீரில் துவைப்பது சுமார் 0.25, மறுசுழற்சி 0.2, பல்பு மாற்றுவது 0.1. இந்த எண்கள் எல்லா நாட்டுக்கும் அப்படியே பொருந்தாது, ஆனால் எது பெரியது எது சிறியது என்பது நன்றாகவே தெரிகிறது. அவர்கள் பள்ளிப் பாடப் புத்தகங்களையும் அரசுக் கையேடுகளையும் புரட்டிப் பார்த்தபோது, அவை பெரும்பாலும் சின்னச் செயல்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன என்பதையும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று உலகத்தைக் காப்பாற்ற மனசார விரும்பும்போது, அதனிடம் பெரிய விஷயத்தை மறைத்துச் சின்ன விஷயத்தை மட்டும் நீட்டுவது நியாயமாகப் படவில்லை.

காரை விற்றுவிடுங்கள் என்று யாரிடமும் சட்டென்று சொல்லிவிட முடியாது. பேருந்தே வராத இடத்தில் இருப்பவர், வயதான பெற்றோரைக் கூட்டிக்கொண்டு அலைபவர், இரவு நேர வேலைக்குப் போகிறவர் எல்லாரும் என்ன செய்வார்கள்? அதனால் இதையும் படிப்படியாகப் பிரித்துப் பார்ப்போம். காரில் ஒருவர் மட்டும் போவதும் நால்வர் போவதும் எரிபொருளில் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் ஆளுக்கு ஆகும் புகை கால்வாசியாகிவிடும். ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு வண்டி எடுப்பதை விடுவது இன்னொரு வழி. எஞ்சின் சூடாவதற்கு முன்பே முடிந்துவிடும் இந்தக் குட்டிப் பயணங்களில் கிலோமீட்டருக்கு ஆகும் எரிபொருளும் அதிகம், வெளியாகும் மாசும் அதிகம். நடந்தோ சைக்கிளிலோ போனால் முழுவதுமாக மிச்சம். வாரத்தில் ஓரிரு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடிந்தால் அதுவும் அப்படித்தான், வீட்டில் நாள் முழுக்க ஏசி ஓடாத வரைக்கும்.

மின்சார வண்டி வாங்கலாமா என்ற கேள்வி இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிறது. பேட்டரி தயாரிக்கும்போது வெளியாகும் கார்பன் அதிகம் என்பது உண்மை. வண்டி ஓட ஓட அந்தக் கடன் அடைந்து, வாழ்நாள் மொத்தத்தில் பெட்ரோல் வண்டியைவிடக் குறைவாகவே வரும். நிலக்கரி மின்சாரம் அதிகமுள்ள இடத்தில் கடன் அடைய நாளாகும், சூரிய சக்தியும் நீர் மின்சாரமும் அதிகமுள்ள இடத்தில் சீக்கிரம் அடையும். என் முடிவு இப்படி: இருக்கும் வண்டி நிறைய ஓடுகிறது, எப்படியும் மாற்றப் போகிறீர்கள் என்றால் மின்சார வண்டி. எப்போதாவது எடுக்கும் வண்டி, நல்ல நிலையில் இருக்கிறது என்றால் அதையே வைத்துக்கொண்டு இன்னும் குறைவாக ஓட்டுங்கள். விமானத்தைப் பொறுத்தவரை பேச அதிகமில்லை, ரயிலில் போக முடிகிற தூரத்துக்கு ரயில், அவ்வளவுதான். நீண்ட பயணம் ஒன்றைத் தவிர்த்தால் மற்ற பல வருஷச் சின்னச் சேமிப்புகளை அது ஒரே அடியில் தாண்டிவிடும்.

உணவில் மூன்று வழிகள் போட்டி போடுகின்றன: இறைச்சியைக் குறைப்பது, பக்கத்தில் விளைந்ததை வாங்குவது, வீணாக்காமல் இருப்பது. இதில் நடுவில் இருப்பதற்குத்தான் பெயர் அதிகம், பலன் குறைவு. 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் விவரங்களைச் சேர்த்து 2018-ல் வெளியான ஆய்வு ஒன்றில், உணவால் வரும், பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு 10 சதவீதத்துக்கும் குறைவு என்று தெரிந்தது. பெரும்பகுதி வயலிலும் தொழுவத்திலுமே நடந்து முடிந்துவிடுகிறது. 100 கிராம் புரதத்துக்கு என்று பார்த்தால், இறைச்சிக்காகவே வளர்க்கும் மாட்டில் வெளியாகும் வாயு சராசரி 50 கிலோ, கோழியில் 6 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, பயறு வகைகளில் 1 கிலோவுக்கும் கீழே. மாடு அசைபோடும்போது மீத்தேன் வெளியாகிறது, மேய்ச்சலுக்காகக் காடு அழிகிறது, காரணங்கள் இவைதான். ஆகவே முழுச் சைவமாக மாற மனமில்லாதவருக்கும் நல்ல வழி உண்டு. மாடு, ஆடு ஆகியவற்றைக் குறைத்துக்கொண்டு கோழி, முட்டை, பயறு பக்கம் வந்தாலே பெரும்பகுதி பலன் கிடைத்துவிடும். ஏற்கெனவே இறைச்சியே சாப்பிடாதவருக்கு இந்த வழியில் செய்ய ஒன்றுமில்லை, அவர் அடுத்ததைப் பார்க்கலாம்.

அடுத்தது வீணாக்குவது, இது சைவம் அசைவம் பார்ப்பதில்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி 2022-ல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளில். உணவகங்களும் கடைகளும்தான் வீணாக்குகின்றன என்று நாம் நினைக்கிறோம், ஆனால் பாதிக்கு மேல் நம் சமையலறையில்தான். அந்தப் பொருளை விளைவித்த தண்ணீர், உரம், டீசல், சமைத்த எரிவாயு எல்லாமே அதோடு குப்பைக்குப் போகின்றன. போன இடத்திலும் அது சும்மா இருப்பதில்லை. குப்பைமேட்டின் அடியில் காற்று போகாத இடத்தில் மக்கும்போது மீத்தேன் வருகிறது, 20 ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்கு சூடேற்றும் வாயு.

இங்கே உரமாக்குவதையும் அளவாகச் சமைப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தோலையும் தண்டையும் காம்பையும் தொட்டியில் போட்டு உரமாக்குவது அருமையான பழக்கம். காய்ந்த இலையைப் பாதிக்குப் பாதி சேர்த்து, வாரத்துக்கு ஒரு தடவை கிளறிவிட்டால் காற்று உள்ளே போகும், மீத்தேன் வராது, நாற்றமும் வராது; நாற்றம் அடிக்கிறது என்றால் உள்ளே ஈரம் அதிகம், காற்று குறைவு என்று அர்த்தம், இன்னும் காய்ந்த இலை போடுங்கள். ஆனால் தின்னத் தகுந்த உணவை உரமாக்கினால் மீத்தேன் வராமல் தடுப்பது மட்டும்தான் பலன், விளைவித்த செலவு திரும்பி வராது. அதனால் வாங்கும் முன் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது, முதலில் வாங்கியதை முன்னால் வைத்து முதலில் தீர்ப்பது, மீந்ததை அடுத்த வேளைக்கு மாற்றுவது, இவையெல்லாம் உரத்தொட்டியைவிட முன்னால் நிற்கின்றன. பணத்தைச் செலவழிக்காமல் பணத்தை மிச்சம் பிடிக்கும் வழி இது, உணவில் நான் யாருக்கும் முதலில் பரிந்துரைப்பதும் இதைத்தான்.

அப்புறம் யாருமே பேசாத ஒன்று, ஏசிக்குள் இருக்கும் கேஸ். பல ஏசிகளில் இருக்கும் ஆர்-410ஏ என்ற வாயு, எடைக்கு எடை பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைவிட 2,088 மடங்கு சூடேற்றும். ஒரு கிலோ கசிந்து காற்றில் கலந்தால் 2 டன்னுக்கு மேல், அதாவது 900 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். வீட்டில் மாட்டும் ஒரு சாதாரண ஏசியில் கிட்டத்தட்ட அந்த அளவு கேஸ் இருக்கிறது. புதிதாக வருபவற்றில் இருக்கும் ஆர்-32 என்றால் 675 மடங்கு, அதுவும் சின்ன எண் கிடையாது. சில சாதனங்களில் வரும் புரொப்பேன் (ஆர்-290), ஐசோபியூட்டேன் வகைகளுக்கு ஒற்றை இலக்கம்தான், இப்போது பல ஃப்ரிட்ஜ்களில் அந்த ஐசோபியூட்டேன்தான் இருக்கிறது. ஓசோனைக் காப்பாற்ற 1987-ல் வந்த மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் ஒரு திருத்தம் சேர்த்து, ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க உலக நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஆனால் ஏற்கெனவே சுவரில் மாட்டியிருக்கும் பெட்டிகளுக்குள் இருப்பது நம் பொறுப்பில் இருக்கிறது.

ஏசி சரியாகக் குளிரவில்லை என்றால் மெக்கானிக் வந்து கேஸ் போட்டுவிட்டுப் போகிறார். அடுத்த கோடையில் மறுபடியும் அதே கதை. ஏசியின் கேஸ் பெட்ரோல் மாதிரித் தீர்ந்துபோகும் பொருள் இல்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால் நிரப்பியது அத்தனையும் மெல்ல மெல்ல வெளியே போகப் போகிறது. எங்கே கசிகிறது என்று பார்த்து அடைத்த பிறகு நிரப்புங்கள் என்று சொல்வதற்கு ஒரு நிமிஷம் ஆகும். கழற்றி வேறு இடத்தில் மாட்டும்போது கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் வெளிப்பெட்டிக்குள்ளேயே இழுத்து அடைக்கும் முறை உண்டு, அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். இந்த ஒரு நிமிஷப் பேச்சுக்கு இணையான பலன், பல வருஷம் விளக்கை அணைத்தாலும் கிடைக்காது.

பழையதை வைத்துக்கொள்வதா, புதிது வாங்குவதா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. பொருளைத் தயாரிக்கும்போது அதிகம் செலவாகிறதா, ஓட்டும்போது அதிகம் செலவாகிறதா என்று பார்க்க வேண்டும். போனில் பெரும்பகுதிக் கார்பன் தயாரிப்பில்தான், சார்ஜ் செய்வதற்கு ஆகும் மின்சாரம் சொற்பம். ஆகவே பேட்டரியை மாற்றி இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஓட்டுவதுதான் சரி, மின்சாரம் குறைவாகும் புதிய மாடல் என்ற விளம்பரத்துக்கு இங்கே பொருளே இல்லை. ஃப்ரிட்ஜ் அதற்கு நேர் மாறு, இருபத்துநாலு மணி நேரமும் ஓடுவது, மிகப் பழைய பெட்டி என்றால் மாற்றினால் நிஜமாகவே லாபம், பழையதை இன்னொரு அறையில் கூடுதலாக ஓடவிடாமல் இருந்தால். துணிமணிக்கும் போனுக்குச் சொன்னதுதான். ஒரு பருத்திச் சட்டைக்கு 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அது இயற்கை நூல் என்று விளம்பரம் செய்தாலும் தண்ணீர் தண்ணீர்தான். தைத்துப் போடுவதும் கைமாற்றிக் கொடுப்பதும் வாங்காமல் இருப்பதும் மேல். மின்னணுக் குப்பை 2022-ல் மட்டும் 6.2 கோடி டன் சேர்ந்தது, முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம்தான் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை. மேசை இழுப்பறையில் தூங்கும் பழைய போன்களை முறையான சேகரிப்பு இடத்தில் கொடுப்பது நல்லது, ஆனால் அடுத்த போனை ஒரு வருஷம் தள்ளிப்போடுவது இன்னும் நல்லது.

இத்தனையும் தனி ஆள் செய்து என்ன ஆகப் போகிறது, பெரிய நிறுவனங்களும் அரசுகளும் அல்லவா மாற வேண்டும் என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தனி ஆளின் கார்பன் தடம், அதாவது ஒருவரால் வெளியாகும் மொத்தக் கார்பன், என்ற பேச்சை 2000-களில் விளம்பரம் செய்து பரப்பியதே பிபி என்ற எண்ணெய் நிறுவனம்தான். உலகக் குடும்பங்களில் அதிகம் வெளியிடும் 10 சதவீதக் குடும்பங்களிடமிருந்து மட்டும், குடும்பங்களின் நுகர்வால் வரும் மொத்த வாயுவில் 34 முதல் 45 சதவீதம் வருகிறது என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு 2022-ல் சொல்லியிருக்கிறது. அதே அறிக்கைதான், மக்கள் பயன்படுத்தும் பக்கத்தில் தகுந்த மாற்றங்கள் வந்தால் 2050-க்குள் 40 முதல் 70 சதவீதம் வரை குறைக்க முடியும் என்றும் சொல்கிறது. தகுந்த மாற்றம் என்பதில் பேருந்தும் நடைபாதையும் சைக்கிள் பாதையும் அடக்கம், அவை இல்லாமல் ஒருவர் மட்டும் மாறிவிட முடியாது. அதனால் வார்டு கூட்டத்தில் நடைபாதை கேட்பதையும் குடியிருப்புச் சங்கத்தில் குப்பை பிரிப்பதைப் பேசுவதையும் நான் தனிமனிதச் செயல்களில்தான் சேர்க்கிறேன், அதுவும் மேல்வரிசையில்.

நாம் செய்வது மற்றவர் கண்ணில் படுவதற்கும் கணக்கில் வராத பலன் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நடந்து 2008-ல் வெளியான ஆய்வில், வீடுகளுக்கு மின்சாரச் சிக்கனம் பற்றி வெவ்வேறு சீட்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். பூமிக்கு நல்லது என்றும் பணம் மிச்சம் என்றும் சொன்ன சீட்டுகளைவிட, உங்கள் அக்கம்பக்கத்தார் செய்கிறார்கள் என்று சொன்ன சீட்டு அதிகம் வேலை செய்தது. எது உங்களை மாற்றும் என்று கேட்டபோது அக்கம்பக்கத்தாரை மக்கள் கடைசி இடத்தில் வைத்திருந்தார்கள் என்பதுதான் வியப்பு. நாம் நினைப்பதைவிட ஒருவரை ஒருவர் அதிகம் பார்த்து நடக்கிறோம்.

சரி, யார் எதில் தொடங்குவது? தினமும் சொந்தக் காரில் போகிறவர் அதைத் தவிர வேறெதையும் முதலில் யோசிக்க வேண்டாம், வாரத்தில் இரண்டு நாளாவது அது நிற்கட்டும். வருஷத்துக்குப் பல தடவை விமானம் ஏறுகிறவருக்கு அதில் ஒன்றை வெட்டுவதுதான் முதல் வேலை. வண்டி இல்லை, ஆனால் சமையல் உண்டு என்பவருக்கு மீந்துபோகும் உணவு. வாடகை வீட்டில் இருப்பவரால் கூரையில் சூரியத் தகடு போட முடியாது, பல்பையும் ஷவர் தலையையும் ஏசியின் வெப்பநிலையையும் மாற்ற முடியும், ஓரிரு டிகிரி கூட்டி வைத்து மின்விசிறியைப் போட்டாலே வித்தியாசம் தெரியும். வண்டியும் இல்லை, ஏசியும் இல்லை, விமானம் ஏறியதும் இல்லை என்பவர் ஏற்கெனவே பூமியின் மேல் மிகக் குறைந்த பாரம் வைத்திருப்பவர். பிளாஸ்டிக் பை வாங்கினாரே என்று அவரைக் குற்றம் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. இந்தக் கோடைக்கு ஏசி மாற்றப் போகிறவர் என்றால், புதியதன் விவரக் குறிப்பில் என்ன கேஸ் என்று பார்த்து ஆர்-32 அல்லது கிடைத்தால் ஆர்-290 எடுங்கள், பழையதைக் கொடுக்கும்போது உள்ளே இருக்கும் கேஸை எப்படி எடுப்பீர்கள் என்று வாங்குபவரிடம் கேட்டு, திறந்துவிடுவேன் என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.